ஆறு மணி வகுப்பைப் பற்றி ஒரு புகார்

ஆக்லாந்துக் குளிரில் கம்பளிக்குள் சுருண்டிருக்கும் தங்கை பெனினாவுக்கு, அக்கா லோசா எழுதிக்கொண்டது. சமோவாவில் நானும் கோழிகளும் சுகம். உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் நலமாயிருக்க ஆண்டவர் அருள்வாராக.

இங்கே எங்கள் நர்சிங் கல்லூரியில் ஒரு புது வம்பு. மாணவிகள் பிற்பாடு சொந்தமாகக் கிளினிக் நடத்தவேண்டுமாம், அதற்குத் தொழில் திட்டம் போட நான் கற்றுத்தரவேண்டுமாம். ஊசி போடச் சொல்லிக்கொடுத்தே கிழவியானவள் நான், எனக்கென்ன தெரியும் லாப நஷ்டம்? அதுவும் பாதிப் பாடம் வகுப்பறையில், பாதி செல்போனில். செல்போன் பாடத்துக்கு, நியூசிலாந்திலிருந்து வந்த புதுப் பிரின்சிபல் குறித்த நேரம் மாலை ஆறு. ஊரே ஜெபத்துக்கு உட்காரும் நேரம்! "சரிதானே?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்துத் தலையாட்டினோம். பெரிய பதவியில் இருப்பவர் முகத்துக்கு நேரே முடியாதுன்னு சொல்ற வழக்கம் நமக்கு ஏது?

செவ்வாய்க்கிழமை செல்போன் வகுப்பில் ஃபியாசிலி என்ற பெண் தன் திட்டத்தை வாசித்தாள். தனியாக இருக்கும் முதியவர்களை வீட்டுக்கே போய்க் கவனிக்கும் தொழிலாம்.

"கட்டணம் எவ்வளவும்மா?"

"ஊர்க்காரங்ககிட்ட காசு கேக்க முடியுமா டீச்சர்? குடுக்கறதை வாங்கிக்குவேன்."

"நல்லா வெளங்கும் உன் தொழில்! ஆமா, நம்ம ஊர்ல தனியா இருக்கற கிழம் யாருடி?"

"கோவிச்சுக்காதீங்க டீச்சர்… நீங்கதான்."

எத்தனை வாய்க்கொழுப்பு பார்! நான் பதில் சொல்வதற்குள் ஊரில் ஜெபச் சங்கு ஊதிவிட்டார்கள். பிள்ளைகள் போனை அப்படியே போட்டுவிட்டு ஜெபத்துக்கு ஓடிவிட்டன, ஒருத்தியாவது மைக்கை அணைக்கவில்லை. என் சமையல்மேசையில் அத்தனை வீட்டுப் பாட்டும் ஒரே நேரத்தில், ஒன்றுக்கொன்று ஒட்டாமல், நடுவில் யார் வீட்டு அப்பாவோ இருமுவது வேறு. அணைச்சிருக்கணும். ஏனோ கை வரலை. நீயும் போன பிறகு இந்த நேரத்துல நான் வாய்விட்டுப் பாடறதே இல்லை பெனினா, ஒத்தைக் குரல் இந்த வீட்டுல கேக்க சகிக்கலை. அப்போ ஃபியாசிலியோட அப்பா குரல் வருது: "எங்க பொண்ணோட டீச்சர் தனியா இருக்காங்க, அவங்களையும் காப்பாத்துங்க ஆண்டவரே." நான் என்னையும் அறியாம சத்தமா ஆமென் சொல்லிட்டேன்!

"யாருடி அது?" என்றாள் அவள் அம்மா.

"எங்க டீச்சர்ம்மா."

"அடப்பாவமே, சாப்பிட்டாங்களான்னு கேளு!"

மானம் போச்சு. மறுநாளே பிரின்சிபலிடம் போய், வகுப்பை நாலு மணிக்கு மாற்றச் சொல்லிப் புகார் கொடுத்துவிட்டேன். இனி எனக்கு ஒரு குறையும் இல்லை. தனியாக இருக்கிறேன் என்று நீ அழவேண்டாம், டிக்கெட்டும் அனுப்பவேண்டாம்.

எல்லோருக்கும் என் ஆசீர்வாதம்.

உன் அக்கா,
லோசா

பி.கு.: பிரின்சிபல் உடனே சம்மதித்துவிட்டார். நான்தான் திரும்ப ஓடிப்போய், ஆறு மணியே இருக்கட்டும்னு கெஞ்சிட்டு வந்தேன். இப்போ நானும் சத்தமாப் பாடறேன். நீ பாடுவியே அந்தக் கீழ்க்குரல், அதுக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கலை.