நவரட்ணம் ஜே.பி. தீர்த்த வழக்கு

நீதியையும் அரசியலையும் ஒரே சட்டைப் பைக்குள் வைத்திருக்கும் இனம் ஒன்று உண்டு. நானூறு ஐந்நூறு வருடங்களுக்கு முன் அது இங்கிலாந்தில் செழித்து வாழ்ந்தது. காலையில் நீதி ஆசனம், பின்னேரம் பாராளுமன்றம். அரசர் மாறினால் கட்சி மாறும், தேவைப்பட்டால் வேதமும் மாறும். நேற்றுவரை பக்கத்திலிருந்து சாப்பிட்ட நண்பருக்கே மரண தண்டனை எழுதி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, புதிய அரசரின் விருந்துக்குப் போய்விடும். எத்தனை தலை உருண்டாலும் அதன் தலை மட்டும் கழுத்திலேயே இருக்கும்.

அந்த இனம் அழிந்துவிட்டது என்றா நினைத்தீர்கள்? கனடாவிலுள்ள மல்வேர்னுக்கு வாருங்கள்.

இவர் நவரட்ணம் அண்ணை. யாழ்ப்பாணத்தில் எப்போதோ கிடைத்த சமாதான நீதவான் பட்டம் இங்கே செல்லாது என்று நன்றாகத் தெரிந்தும், கலியாண அழைப்பிதழ் முதல் மரண அறிவித்தல் வரை தன் பெயருக்குப் பின்னால் ஜே.பி. என்று போடுவிப்பவர். ஊர்ச்சங்கத்தில் எந்த அணி வென்றாலும் படத்தில் நடுவில் நிற்பவர். யார் வீட்டுச் சண்டை என்றாலும் கோட் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். கண்ணை மூடிக் கேட்பார். நீங்கள் அழத் தொடங்கும்போது இன்னொரு மட்டன் றோல் எடுப்பார். கடைசியில், "சட்டம் வேறை, நியாயம் வேறை" என்பார். அதற்கு என்ன அர்த்தம்? இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை.

சென்ற மாரியில் ஒரு வழக்கு. செலீனும் புனிதவதியும் அடுத்தடுத்த வீடு. தூரத்து மிசிசாகாவில் ஒரே இடத்தில் வேலை. செலீனின் காரில் ஒன்றாகப் போய்வருகிறவர்கள். செலீன் வழித்த ஸ்னோ புனிதவதியின் வாசற்படியில் குவிந்தது. வேண்டுமென்றே தள்ளியது என்றார் ஒருவர். காற்று அடித்தது என்றார் மற்றவர். பேச்சு நின்றது. காரும் நின்றது. புனிதவதி விடியற்காலை இருட்டில் பஸ் மாறி மாறி, விறைத்த விரல்களோடு வேலைக்குப் போனார். செலீன் பக்கத்து வெறும் சீற்றைப் பார்த்தபடி தனியே ஓட்டினார். இருவருக்கும் துக்கம்தான். ஆனால் யார் முதலில் வாய் திறப்பது?

அண்ணை சங்கத் தலைவர் பதவிக்கு நின்ற நேரம் அது. இரண்டு வீட்டிலும் வாக்குகள் இருந்தன. இங்கே தேத்தண்ணி குடித்தார், அங்கே கேக் சாப்பிட்டார். இரண்டு இடத்திலும் ஒரே தீர்ப்பு:

"நியாயம் முழுக்க உங்கட பக்கம்தான், தங்கச்சி. நான் சொன்னதெண்டு வெளியிலை கதைச்சிடாதேங்கோ."

அண்ணை வென்றார். அன்று மண்டபத்தில், தேத்தண்ணி வரிசையில் இரண்டு பெண்களும் முட்டிக்கொண்டார்கள்.

"நியாயம் என்ரை பக்கமெண்டு அண்ணையே சொல்லிப்போட்டார்," என்றார் புனிதவதி.

"என்னட்டையும் அதைத்தானே சொன்னவர்!"

இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். அண்ணை பின்வாங்கவில்லை.

"உங்கள் ரெண்டு பேரையும் கதைக்க வைக்கத்தானே பிள்ளையள் நான் அப்பிடிச் சொன்னனான்!"

செலீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நாளைக்கு விடிய ரெடியா நில்லுங்கோ அக்கா. உவரைப் பற்றிக் காரிலை கதைக்க நிறைய இருக்கு."

புனிதவதிக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் அண்ணை மைக்கைப் பிடித்து, தலைவராகத் தான் தீர்த்துவைத்த முதல் வழக்கை அறிவித்துக்கொண்டிருந்தார்.

இரட்டை நாக்கு, பதவிப் பைத்தியம் என்று நீங்களும் இதற்குள் முடிவு கட்டியிருப்பீர்கள். தீர்ப்புச் சொல்ல உங்களுக்கும் எவ்வளவு அவசரம்! அவருடைய தரப்பை விசாரித்தீர்களா? சாட்சி சொன்னவன் யார் என்றாவது கேட்டீர்களா? அந்த இரண்டு வீட்டு வாக்கும் கிடைக்காமல் தோற்றுப்போன மற்ற வேட்பாளர் நான்தான்.