குடிலில் நான் வைத்த கல்

கடவுள் இல்லை என்று புதிதாகக் கண்டுபிடித்தவனிடம் இருக்கும் தலைக்கனம் அந்தக் கடவுளிடம்கூட இருக்காது. இருபத்துநான்கு வயதில் நான் அப்படி ஒரு கண்டுபிடிப்பாளனாக இருந்தேன். ஆனால் ரகசியக் கண்டுபிடிப்பாளன். ஞாயிறு தவறாமல் பெரம்பலூரில் எங்கள் சபையின் பாடகர் குழுவில் நின்று, ஆண்களின் மேல்குரலான டெனர் பாடிக்கொண்டே, எதிரே கண்மூடி நிற்கும் ஜனங்களைப் பார்த்து மனசுக்குள் பரிதாபப்படுவேன். (எவ்வளவு பெரிய தைரியசாலி பாருங்கள்!)

ரகசியத்துக்குக் காரணம் அம்மா. அப்பா போனபின் அம்மாவை நிமிர்த்தி வைத்திருந்தது ஞாயிறு பள்ளிதான். சபையின் வாண்டுகள் எல்லாம் அம்மாவிடம்தான் ஆதாமையும் ஏவாளையும் படித்தன. டீச்சரின் சொந்தப் பிள்ளைக்கே விசுவாசம் இல்லை என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? எங்கள் சபையில் யாரும் வம்பு பேசமாட்டார்கள். "ஜெபத்துல வச்சுக்குங்க" என்று மட்டும் சொல்வார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க ஜெபத்தில் வைத்துக்கொண்டுவிடும். அடுத்த வாரம் அம்மாவின் கையிலிருந்து சாக்பீஸ் போய்விடும்.

சந்தேகம் வந்த கதை சுருக்கமானது. திருச்சியில் புவியமைப்பியல் முதுநிலை படித்தபோது எங்கள் பேராசிரியர் கல் பார்க்கக் கூட்டிப்போனார். எங்கேயோ இமயமலைக்குப் போகப் போகிறோம் என்று ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டேன். பஸ் காரை கிராமத்துப் பக்கம் ஒரு பொட்டலில் போய் நின்றது. எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் அரை மணி நேரம். ஓடைக்கரையில் நத்தைபோலச் சுருண்ட ஒரு கல்லை எடுத்து என் கையில் வைத்து, "பத்துக் கோடி வருஷம்பா. இது கடல்ல நீந்துன பிராணி. உங்க ஊரே கடல்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை வேதபாட வகுப்பில் ஜெபராஜ் மாமா, உலகத்துக்கு வயசு ஆறாயிரம் வருஷம் என்றும், கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம் என்றும் சொன்னார். முன்னப்பின்ன எவ்வளவு என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

ஜெபராஜ் மாமா எங்களுக்கு உறவில்லை. சபையில் எல்லாருக்கும் மாமா. பொதுப்பணித் துறையில் ஏரியும் வாய்க்காலும் பார்த்து ஓய்வு பெற்றவர். சபை மூப்பர். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும் குரல்.

படிப்பு முடிந்து அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த வருடம் அட்வெண்ட் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறும் வாரம் ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக ஏற்றி, ஆண்டவர் வருகைக்குக் காத்திருக்கும் காலம். காத்திருப்பது பெரியவர்கள் வேலை, குடில் கட்டுவது இளைஞர் வேலை. கேட்டுக்குள் நுழைந்ததும், ரோட்டில் போகிறவர்களுக்கும் தெரிகிற மாதிரி குடில் வைப்போம். பிரவுன் பேப்பரைக் கசக்கி மலை, தட்டில் கேழ்வரகு முளைக்கவைத்துப் புல், நடுவில் மாட்டுத்தொழுவம். வருடா வருடம் அதே பேப்பர், அதே கசங்கல்.

"இந்த வருஷம் மலையை நான் பாத்துக்கறேன்" என்றேன். வேறு யாரும் கை தூக்காததால் ஏகமனதாகத் தேர்வானேன். அம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம், "ஆண்டவர் காரியம்னு ஒண்ணை அவனா எடுத்து செய்யறான் பாருங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் என் திட்டம் அதைவிட இனித்தது.

திட்டம் இதுதான். ஓடைக்கரையில் கேட்பாரற்றுக் கிடந்த கற்களைச் சாக்கில் அள்ளிவந்து மலை முழுக்க அடுக்கினேன். இருந்ததிலேயே பெரியதை, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சுருண்டிருந்ததை, குழந்தை இயேசுவின் தொட்டிலுக்கு நேர் பின்னால் நிறுத்தினேன். இனி யார் வந்து குனிந்து கும்பிட்டாலும் பத்துக் கோடி வருஷத்துக் கடல் நத்தையைத்தான் கும்பிடவேண்டும். நான் ஒருவன் மட்டும் தூண் மறைவில் நின்று சிரிப்பேன். உலகத்திலேயே யாருக்கும் தெரியாமல் நடந்த ஒரே புரட்சி அதுவாகத்தான் இருக்கும்.

முதல் ஞாயிறு ஜெபராஜ் மாமா குடிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். கல்லைத் தடவிப் பார்த்தார். "தெர்மகோல்ல இப்படி செய்யணும்னா பொறுமை வேணும்" என்று என் தோளைத் தட்டினார். புரட்சிக்கு விழுந்த முதல் அடி அது.

அப்புறம் மார்கழி பிறந்தது. சரோஜா அக்கா எங்கள் சர்ச் எதிரே பூக்கடை வைத்திருப்பவர். விடிகாலையில் பெருமாள் கோவிலுக்கு மாலை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருபவர், அன்று எங்கள் குடிலில் எரிந்த சீரியல் பல்பைப் பார்த்து நின்றிருக்கிறார். தொட்டிலுக்குப் பின்னால் வட்டமாக, சுழி சுழியாக, ஒரு சக்கரம்.

காலை ஆறு மணிக்குப் போதகர் போன் செய்தார். "சாம், கொஞ்சம் வாப்பா. பதட்டப்படாத. குடில்ல பூஜை நடந்திருக்கு."

போய்ப் பார்த்தேன். கல்லுக்குத் துளசி மாலை. மேலே சந்தனம், குங்குமம். கீழே கற்பூரம் எரிந்த கறுப்பு. சந்தனம் மீந்துபோயிருக்க வேண்டும், மூன்று ஞானிகளில் ஒருவருக்கும் இரண்டு ஆடுகளுக்கும் நெற்றியில் இட்டிருந்தது. போதகர் எதையும் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சரோஜா அக்கா ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து போதகரைப் பார்த்துச் சிரித்தார்.

"ஐயரே, உங்க கோயில்ல சாளக்கிராமம் இருக்குன்னு இத்தினி வருசமா சொல்லவேயில்லயே! பெருமாளே தேடி வந்து உங்க சாமிக்குப் பின்னாடி உக்காந்துருக்காரு. அவுங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போச்சு. நமக்கு என்ன?"

மறுநாள் பத்துப் பேர். அதற்கு மறுநாள் தேங்காய் உடைத்தார்கள். ஒரு அம்மா பேரனுக்கு உடம்பு சரியானதும் வந்து விளக்கேற்றுவதாக வேண்டிக்கொண்டு போனார். போதகர் நல்ல மனிதர், கேட்டைப் பூட்ட மனசு வரவில்லை. "கும்பிட வர்றவங்களை எப்படிப்பா போங்கன்னு சொல்றது?" என்று என்னிடமே கேட்டார். நத்தையைக் கும்பிடவைக்க நினைத்தேன், நிஜமாகவே கும்பிடுகிறார்கள். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை சபைக் கமிட்டி கூடியது. ஞாயிறு பள்ளி சார்பாக அம்மாவும் இருந்தாள். ஜெபராஜ் மாமா கொதித்தார். "நம்ம குடிலுக்குள்ள விக்கிரகம் வச்சவன் எவன்னு கண்டுபிடிக்கணும். போலீஸ்ல ஒரு மனு குடுத்துரலாம். யாரோ வெளியாள் வேலை!"

வெளியாள் என்றால் வேறு யார்? நாளைக்கு இது சரோஜா அக்கா தலையில் போய் விழும். எழுந்தேன்.

"நான்தான் வச்சேன் மாமா."

"தெர்மகோல்தானே வச்ச?"

"கல்லு மாமா. நெஜக் கல்லு."

போதகர் என்னை உற்றுப் பார்த்தார். "அது என்ன கல்லு, எதுக்கு வச்சேன்னு ஞாயித்துக்கிழமை ஆராதனையில நீயே சபைக்குச் சொல்லிருப்பா. தெளிவா சொல்லிட்டா பிரச்சனை முடிஞ்சிரும்."

முடிந்துவிடும்தான். கல்லின் வயதைச் சொன்னால் என் விசுவாசத்தின் கதையும் தெரிந்துவிடும், அம்மாவின் சாக்பீஸும் போய்விடும். அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் நிதானமாக, "சொல்லுவான் ஐயா" என்றாள்.

சனிக்கிழமை முழுக்கப் பொய் தேடினேன். திருச்சியில் அலங்காரக் கடையில் வாங்கினேன் என்று சொல்லலாமா? ஆலையில் அச்சில் வார்த்தது என்று சொல்லலாமா? ஒன்றும் தேறவில்லை. கடைசியில் ஒத்திகை பார்க்கச் சரோஜா அக்கா கடைக்குப் போனேன். வாழ்க்கையில் முதல்முறையாக என் மாபெரும் ரகசியத்தை ஒரு மனிதப் பிறவியிடம் சொன்னேன்.

"அக்கா, அது சாமி இல்ல. கடல்ல இருந்த நத்தை மாதிரி ஒரு பிராணி. பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போச்சு."

அக்கா பூத்தொடுப்பதை நிறுத்தவே இல்லை. "பத்துக் கோடிதானா? பெருமாளுக்கு அது தூக்கத்துல பொரண்டு படுக்குற நேரம் தம்பி. போயி நல்லாத் தூங்கு. மூஞ்சியே சரியில்ல."

நாலாம் ஞாயிறு. நாலு மெழுகுவர்த்தியும் எரிகிறது. பாடகர் வரிசையில் நின்றபடி நான் கண்ணை மூடி, "ஆண்டவரே, நீர் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் இந்த ஒரு முறை மட்டும்..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் போதகர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்.

கல்லை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு மைக் முன்னால் நின்றேன். மாலையிலிருந்து துளசி இலைகள் பீடத்துத் துணியில் உதிர்ந்தன.

"இது விக்கிரகம் இல்லீங்க. இது கடல் பிராணி. கல்லா மாறிப்போச்சு. நம்ம பெரம்பலூர், அரியலூர் எல்லாமே ஒரு காலத்துல கடலுக்கு அடியில இருந்துச்சு."

மூன்றாம் பெஞ்சில் அம்மா. அடுத்த வாக்கியம் 'பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னாடி'. வாயைத் திறந்தேன்.

"நிறுத்து தம்பி!" ஜெபராஜ் மாமா எழுந்துவிட்டார். "பெரம்பலூர்ல கடலா?"

"ஆமா மாமா."

"இந்த மேட்டுலயா?"

"ஆமா மாமா. எல்லா இடத்துலயும்."

மாமா சபையின் பக்கம் திரும்பினார். கண்ணில் அப்படி ஒரு ஒளி. "முப்பது வருஷம் ஏரித் தண்ணியோட மல்லுக்கட்டுனவன் சொல்றேன். இந்த மேட்டுக்குக் கடல் ஏறணும்னா சாதாரண மழைக்கு நடக்காது. நாப்பது நாள் இரவும் பகலும் பெஞ்சாத்தான் நடக்கும். நோவா காலத்து வெள்ளம்! வேதம் சொன்னது சத்தியம்னு நம்ம சாமுவேல் கல்லைத் தோண்டிக் கொண்டாந்து காட்டிட்டான்!"

"அல்லேலூயா!" என்றது சபை.

"இல்ல மாமா, இது பத்துக்..." என்று நான் மைக்கில் கத்துவதற்குள் கீபோர்டுக்காரர் பாட்டை ஆரம்பித்துவிட்டார். ஜனங்கள் கைதட்டினார்கள். இரண்டு பேர் அழுதார்கள். வரிசையில் வந்து கல்லைத் தொட்டு ஸ்தோத்திரம் சொன்னார்கள். மாமா என்னைக் கட்டிப்பிடித்ததில் சந்தனமெல்லாம் அவர் வெள்ளைச் சட்டையில். வேதத்தைப் பொய்யாக்கக் கிளம்பியவன், எங்கள் சபையின் சரித்திரத்திலேயே அதிக விசுவாசத்தை ஒரே நாளில் உண்டாக்கியவன் ஆனேன்.

அம்மா மட்டும் கைதட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் சோறு போடும்போது கேட்டாள். "பத்துக் கோடின்னு சொல்ல வந்தியா?"

"உனக்கு எப்படிம்மா...?"

"உன் புக்கையெல்லாம் வருசக்கணக்கா தொடச்சு வைக்கிறது யாரு? தொடைக்கறப்ப படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்கான்."

"அப்ப நான் நம்பலைன்னு..."

"எனக்குத் தெரியும். ஆண்டவருக்கும் தெரியும். ஜெபராஜுக்குத்தான் தெரியாது. தெரிஞ்சா அந்த மனுசன் தாங்கமாட்டாரு. ரசம் ஊத்தவா?"

இத்தனை வருடம் அவளைக் காப்பாற்றுவதாக நான் நடித்தேன். அவளோ என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். அன்று சாப்பிடும்போது கண்ணீர் வந்தது. ரசத்தில் மிளகு அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

தொல்லை அதோடு தீரவில்லை. மாமா என்னை விடவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு அட்வெண்ட்டுக்கும் இரண்டு மாவட்டத்துச் சபைகளிலும் கல்லோடு சாட்சி சொல்ல எனக்கு அழைப்பு. மாமாதான் மேனேஜர். "நோவா தம்பி வந்திருக்கார்" என்று மைக்கில் அறிவிப்பார். அம்மா கல்லைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கூடவே வருவாள். கடல் வரைக்கும் பேசிவிட்டு நான் வருடக் கணக்கை நெருங்கும்போது முன்வரிசையில் ஒரு இருமல் கேட்கும். உடனே, "ரொம்பக் காலத்துக்கு முன்னாடி" என்று முடித்துவிடுவேன். கல்யாணம் ஆகி, மகள் பிறந்து, தலை நரைக்கத் தொடங்கியும் இதேதான். நீங்கள் என்னிடம் இப்போது நம்புகிறாயா என்று கேட்கக்கூடாது. டெனர் பாடுகிறேன்.

போன அட்வெண்ட்டில் ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு சின்ன சபை. மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, நாற்காலியில் உட்கார்ந்தே அறிமுகம் செய்தார். கடலைப் பற்றிச் சொன்னேன். வருடத்தை நெருங்கினேன். இருமலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அம்மாவைப் பார்த்தேன். மடியில் கையைக் கோத்துக்கொண்டு அவள் பாட்டுக்கு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் என் வாய் அதுவாகவே சொல்லிவிட்டது.

"பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னாடி."

கூரை இடியவில்லை. ஜெபராஜ் மாமா காதில் கைவைத்து, "எத்தனை?" என்றார்.

"பத்துக் கோடி மாமா."

மாமா வெகுநேரம் கணக்குப் போட்டார். பிறகு மரியாதையோடு தலையை ஆட்டினார். "அப்ப நோவா நாம நெனச்சதைவிட ரொம்ப சீனியரு!"

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். "ஏம்மா இருமல?"

"அவருக்கு வயசாயிருச்சுடா. இனிமே எதையும் தாங்குவாரு" என்றாள். பின்சீட்டில் என் மனைவியும் மகளும் சிரித்த சிரிப்பு அரியலூர் வரைக்கும் நிற்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டில், அரசியலோ, அறிவியலோ, சாம்பாரில் உப்போ, நான் எதைப் பற்றியாவது பெரிய உண்மை ஒன்றைச் சொல்ல வாயெடுத்தால் போதும். மூன்று பேரும் சேர்ந்து இருமுகிறார்கள்.