வெல்டாவின் வீடும் வரைபடக்காரனின் நீலக்கோடும்

வயோமிங்,
ஜூன் 3

என் அன்புத் தங்கை வெல்டாவுக்கு அண்ணன் ஆல்வின் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி ஐவாவும் மாடுகளும் சுகம். அங்கே உன் முழங்கால் வலி குறைந்திருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன்.

நீ இங்கே வந்து தங்குவதற்காக நான் கட்டிய வீடு முடிந்துவிட்டது. பண்ணையிலேயே சமமான இடம், காற்று அடிக்காத பள்ளம், பின்னால் வரிசையாக மூன்று காட்டன்வுட் மரம். நீ ரயிலில் அனுப்பிய பியானோவையும் கூடத்தில் இறக்கியாச்சு. இந்த நேரம் பார்த்து டெல்மர் ஃபின்ச் என்று ஒரு வரைபடக்காரன் வந்து, முக்காலியில் பலகையை வைத்து, குழலில் ஒற்றைக்கண்ணை வைத்து மேடு பள்ளமெல்லாம் அளந்து, படத்தில் உன் கூடத்தின் நடுவாகவே விட்டு விட்டு ஒரு நீலக்கோடு போட்டான். என்னய்யா இது என்றேன். "ஓடைங்க. எப்பவாவது தண்ணி வர்ற ஓடையை இப்படித்தான் போடுவோம்"ங்கிறான்! நான் இந்தப் பண்ணையை வாங்கிய நாளிலிருந்து அங்கே ஒரு தவளைகூட நனைந்ததில்லை. "முள்வேலியைப் பாருங்க, நெஞ்சு உயரத்துல காஞ்ச புல்லு சிக்கியிருக்கு. வெள்ளம் கொண்டாந்தது" என்றான். "அட போய்யா, எங்க ஊரு காத்து பசுமாட்டையே வேலியில மாட்டிவிடும், புல்லு எம்மாத்திரம்!" என்றேன். மரம் ஏன் ஆத்தங்கரையில நிக்கிற மாதிரி வரிசையா நிக்குதுன்னு கேட்டான். ஒழுக்கமான மரம்னேன். கடைசியில் என் காப்பியையே குடித்துக்கொண்டு, "இந்த ஓடைக்கு உள்ளூர்ல என்ன பேருங்க? வரைபடத்துல எழுதணும்" என்று பென்சிலைச் சீவுகிறான். இல்லாத ஓடைக்குப் பேர் வேறயா! பக்கத்துப் பண்ணை பர்ல் ஹாஸ்கெட் சும்மா இருப்பானா? "ஆல்வின், வீட்டுக்கு அடியில சக்கரம் மாட்டிடுப்பா"ன்னான். பொறாமை பிடிச்சவன். ரெண்டு பேரையும் விரட்டிவிட்டேன். அண்ணனை நம்பு. டென்வர் வீட்டை விற்றுவிட்டுத் தைரியமாகக் கிளம்பி வா.

கர்த்தர் உன்னையும் உன் பூனையையும் காப்பாராக. ஐவா உனக்குத் தன் முத்தத்தையும் எழுதச் சொன்னாள்.

உன் அண்ணன்,
ஆல்வின் ஸ்டக்ராத்

பி.கு. (இரண்டு நாள் கழித்து): டென்வர் வீட்டை விற்றுவிடாதே. நேற்று மேற்கே எங்கேயோ மழை; இங்கே ஒரு துளி இல்லை. தண்ணீர் மட்டும் வந்தது. வீடு வேலியில் சிக்கி நிற்கிறது. காற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பியானோ பர்லின் வைக்கோல் வயலில் கரையேறியிருக்கிறது. காலையில் ஃபின்ச் வந்தான், பென்சிலைச் சீவினான். ஆசையாக வர இருந்த உனக்கு இங்கே ஒன்றுமே இல்லாமல் போச்சே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. "வெல்டா ஓடைன்னு எழுதிக்கோய்யா" என்றேன். பியானோ போன தூரம் பூராவும் இனி உன் பேர்தான்.