மாப்பிள்ளை சம்மதத்தோடு குடைந்த எஞ்சின் ஹெட்டு

கல்லல்,
தை 14.

அன்புள்ள மாப்பிள்ளை முகேஷ் அவர்களுக்கு, மாமனார் சேவுகப்பெருமாள் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தை புஷ்பவள்ளியும் நலமாக இருக்கிறோம். வயலில் நிற்கும் நெல் நலமாக இல்லை. அங்கே ஓசூரில் நீங்களும் என் மகள் ரோகிணியும் நலமென்று நினைக்கிறேன். விசாரிப்பு இத்தோடு போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

மாமனார் மாப்பிள்ளையிடம் நேராக ஒன்றைக் கேட்பது நம் குடும்பத்தில் வழக்கமில்லை. நாம் இருவரும் ஆறு வருஷமாக "வாங்க மாப்பிள்ளை", "இருக்கட்டும் மாமா" என்ற இரண்டு பேச்சுக்கு மேல் பேசியதில்லை. மற்றதெல்லாம் ரோகிணி வழியாகத்தான். அந்த முறையை மீறி நானே பேனா எடுத்திருக்கிறேன் என்றால் எனக்கு எவ்வளவு மனக்குறை இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கார் எஞ்சின் செய்யும் கம்பெனியில் இஞ்சினியராக இருந்துகொண்டு, எஞ்சின் ஹெட்டைக் குடையலாமா கூடாதா என்று கேட்ட மனுஷனுக்கு நீங்கள் சொல்லி அனுப்பிய பதில் சரிதானா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நடந்ததைச் சொல்கிறேன். கண்மாய் வற்றிவிட்டது. மூன்று ஏக்கரும் கதிர் வந்து பால் பிடிக்கிற நேரம். இப்போது ஒரு தண்ணீர் பாய்ந்தால் நெல், பாயாவிட்டால் பதர். கிணற்றுக்கு மின்சார இணைப்பு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிறேன், அதனால் தண்ணீர் இறைக்கிற அந்த ஐந்து குதிரைச் சக்தி டீசல் எஞ்சினை விட்டால் வேறு வழியில்லை. பக்கத்துக் கிணறுகளில் அவரவர் வயலுக்கே தண்ணீர் காணவில்லை. இந்த நேரம் பார்த்து, தொடைத்தண்டி விழுந்துகொண்டிருந்த தண்ணீர் விரல்தண்டி விழ ஆரம்பித்தது. எண்ணெய் மாற்றினேன், காற்று வடிகட்டியைக் கழுவினேன், அப்படியேதான் விழுந்தது. எனக்கு யாரும் எஞ்சின் சொல்லிக்கொடுக்கவில்லை. பதினாறு வயதில் ஒன்றைப் பிரித்துப் போட்டு நானே மாட்டினேன், மூன்று நட்டு மிச்சம் வந்தது, அதற்குப் பிறகும் அந்த எஞ்சின் இருபது வருஷம் ஓடியது. ஆகவே யோசித்தேன். எஞ்சினுக்குச் சக்தி போதவில்லை என்றால் மூச்சு போதவில்லை என்று அர்த்தம். போனில் ஒரு வெள்ளைக்காரர் வீடியோ பார்த்தேன். அவர் ரேஸ் கார் எஞ்சினுக்கு மேல்மூடியாக இருக்கிற ஹெட்டைக் கழற்றி, காற்று உள்ளே போகிற பாதையைக் குடைந்து அகலமாக்கி, உள்சுவரை வழவழவென்று இழைத்து, அந்தப் பாதையைத் திறந்து மூடுகிற வால்வையும் ஒரு சுற்று பெரிதாக வைத்தார். காற்று கூடுதலாகப் போனது, கார் பறந்தது. அவர் பேசியது எனக்குப் புரியவில்லை. கை செய்தது புரிந்தது.

அப்படியும் நான் அவசரப்படவில்லை. ரோகிணிக்குப் போன் போட்டு, "மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு தாயி. ஹெட்டைக் குடையப் போறேன், வால்வைப் பெருசாக்கப் போறேன். அவுக என்ன சொல்றாகன்னு கேளு" என்றேன். மறுநாள் பதில் வந்தது. "மாமா செஞ்சா சரியாத்தான் இருக்கும்னு சொன்னாகப்பா." இந்த வாக்கியத்தை நாள்காட்டித் தாளில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன்.

ஹெட்டைத் தூக்கிக்கொண்டு காரைக்குடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் வயிரவனிடம் போனேன். அவன் அதை அங்குட்டும் இங்குட்டும் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணே, இது நிமிஷத்துக்கு ஆயிரத்தைந்நூறு சுத்து சுத்துற எஞ்சினு. இதுக்கு இம்புட்டு மூச்சு எதுக்கு? ரேசுக்கா கொண்டுபோறீக?"

"நெல்லுக்குக் கொண்டுபோறேன். வால்வு உக்கார்ற சீட்டை நாலு மில்லி பெருசா அறு."

"அறுத்துட்டா ஒட்ட முடியாதுண்ணே."

"இஞ்சினியரு சொல்லியாச்சுப்பா. என் மாப்பிள்ளை. ஓசூர்ல கார் எஞ்சினே அவுகதான் செய்றாக."

"அவுகளே சொன்னாகளா?"

"அவுகளே."

வயிரவன் உடனே ஹெட்டை லேத்தில் மாட்டினான். உங்கள் பெயருக்கு அவ்வளவு மரியாதை. டிராக்டர் வால்வு ஒன்றை அளவுக்குக் கடைந்து, சீட்டையும் அகலமாக அறுத்துக் கொடுத்தான். காற்றுப் பாதையை மட்டும் நான் வீட்டில் வைத்துக் குடைந்தேன். டிரில் மிஷினில் அரவைக்கல்லை மாட்டி இரண்டு நாள் வேலை. உங்கள் அத்தை காயப்போட்டிருந்த மிளகாய் வற்றல் மேலெல்லாம் இரும்புத் தூள். "நெல்லுக்குத் தண்ணி பாச்சச் சொன்னா இரும்புல நகை வேலை பாக்குறீக" என்று அவள் ஒருபக்கம். நான் விடவில்லை. முகம் பார்க்கலாம், அவ்வளவு வழவழப்பு வந்தது. இன்னும் கொஞ்சம் என்று கல்லை வைத்தேன். அந்தக் கொஞ்சத்தில்தான் பொத்துக்கொண்டது. சூடு தணிக்க ஹெட்டுக்குள் தண்ணீர் ஓடுகிற அறை இருக்கிறதே, அதன் சுவராம் அது. வெள்ளைக்காரர் அதைக் காட்டவில்லை. நீங்களாவது சொல்லியிருக்கலாம்.

ஓட்டையை இரும்புப் பசை வைத்து அடைத்தேன். ஹெட்டை மாட்டி ஹேண்டில் போட்டுச் சுற்றினால் டக்கென்று நின்றது. பெரிய வால்வு இறங்கி வந்து பிஸ்டன் தலையில் முட்டுகிறது. பிஸ்டனைக் கழற்றி வால்வுக்கு இடம் கொடுத்து ஒரு குழி வெட்டினேன். இப்போது முட்டவில்லை, ஆனால் எஞ்சின் கிளம்பவும் இல்லை. குழி வெட்டிய அளவுக்கு உள்ளே இடம் கூடிப்போய்க் காற்று இறுக்கமாக அமுங்கவில்லை, அமுங்காத காற்றில் டீசல் பற்றாது. இறுக்கம் வேண்டுமே என்று ஹெட்டுக்கு அடியில் மெல்லிய பேக்கிங் போட்டேன். ஹெட்டு இறங்கியது, கூடவே வால்வும் இறங்கியது, மறுபடியும் டக். குழியை ஆழமாக்கினேன், இறுக்கம் போனது. பேக்கிங்கை இன்னும் மெல்லியதாகப் போட்டேன், டக். நாலு நாள் இதே பிழைப்பு. இன்று காலை ஒருவழியாக ஏழெட்டு முறை வெடித்தது. வெடித்த வேகத்தில் பசை விட்டுவிட்டது, சைலன்சர் வழியாக வெள்ளைப் புகையும் கொதிதண்ணீரும் பீய்ச்சி அடித்தன. பம்பில் ஒரு சொட்டு வரவில்லை. நான் எஞ்சினிலிருந்துதான் தண்ணீர் எடுத்தேன்.

வயலுக்குப் போய்ப் பார்த்தேன். மேட்டுப் பக்கம் இலை சுருண்டு ஊசியாக நிற்கிறது. தரையில் விரல் நுழைகிற வெடிப்பு. ஒரு மணியைப் பிதுக்கினேன், விரலில் ஈரமே படவில்லை. தாழ்ந்த பக்கத்தில் இன்னும் பால் இருக்கிறது. இரண்டு நாள் தாங்கும். அதற்குப் பிறகு ஆறே வந்தாலும் பிரயோசனமில்லை. இந்த நெல்தான் எங்களுக்கு வருஷச் சாப்பாடு, அடுத்த விதைப்புக்கு விதையும் இதிலிருந்துதான். கடையில் அரிசி வாங்கித் தின்ற வருஷம் எனக்கு ஞாபகத்தில் இல்லை.

"மாப்பிள்ளைக்கு ஒரு போனைப் போட்டு வரச் சொல்லுங்க" என்கிறாள் உங்கள் அத்தை.

"எந்த மூஞ்சியோட கூப்பிடுறது?"

"குடைஞ்ச மூஞ்சியோடதான்."

ஆகவே கேட்கிறேன். நீங்கள் சரி என்று சொன்னது எந்தப் படிப்பின்படி? கூடாது என்று நீங்கள் சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன் என்கிறாள் உங்கள் அத்தை. அது வேறு விஷயம். சொல்லியிருக்க வேண்டியது உங்கள் கடமை. நீங்கள் கொடுத்த ஆலோசனை தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிற வரைக்கும் நான் ஓசூர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். மாசித் திருவிழாவுக்கு நீங்கள் இருவரும் வர வேண்டும். வாருங்கள், சாப்பிடுங்கள், கிணற்றுப் பக்கம் மட்டும் போக வேண்டாம்.

உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல், எங்களுக்கு வந்ததுபோல ஒருவருக்கும் வராமல் ஐயனார் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
மனக்குறையோடு,
மாமனார் சேவுகப்பெருமாள்.

பி.கு. (தை 15): நேற்று உறையை ஒட்டுவதற்கு முன் உங்கள் அத்தை இதை வாங்கி, ரோகிணிக்குப் போன் போட்டு முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டிவிட்டாள். கேட்டு முடித்ததும் ரோகிணி போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள். பிறகு, "அப்பா, அவுக அப்படிச் சொல்லலப்பா" என்றாள். ஹெட்டைத் தொடவே வேண்டாம், எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, கிணற்றுத் தண்ணீர் பம்புக்கு இருபத்தைந்து அடிக்குக் கீழே போயிருக்கும், அதற்கு மேல் எந்த எஞ்சினை வைத்தாலும் பம்பு இழுக்காது, பம்பை மட்டும் ஆறடி இறக்கி வைத்து நீளமான பெல்ட் போடச் சொல் என்று நீங்கள் அன்றைக்கே சொன்னீர்களாம். அதை அப்படியே சொன்னால் எனக்கு மனசு கஷ்டப்படும் என்று என் மகள் பதமாக்கிச் சொல்லியிருக்கிறாள். ஆறு வருஷமாக இப்படித்தானாம். நான் சொன்னதும் உங்களுக்கு அப்படியே வந்ததில்லையாம். போன தீபாவளிக்கு நீங்கள் எடுத்துக் கொடுத்த சட்டை பிரமாதம் என்று நான் சொன்னதாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் சொன்னது வேறு.

நேற்றே வயிரவனிடம் ஓடினேன். இதே மாதிரி வேறொரு எஞ்சினின் பழைய ஹெட்டும் பிஸ்டனும் அவன் பட்டறை மூலையிலேயே கிடந்தன. "மொதல்லயே எடுத்துத் தந்திருக்கலாமேப்பா" என்றேன். "நீங்க அறுக்கத்தானேண்ணே வந்தீக" என்றான். இன்று காலை பம்பை இறக்கி, எல்லாம் மாட்டி ஓட்டினோம். தண்ணீர் தொடைத்தண்டி விழுகிறது. மேட்டுப் பக்கம் பதர்தான், போனது போனதுதான். தாழ்ந்த இரண்டு ஏக்கர் பிழைத்துவிடும்.

மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடச் சொல்லி ரோகிணி அழுகிறாள். கிழிக்கவில்லை. நான் சொன்னது இந்த ஒரு தடவையாவது நான் சொன்னபடியே உங்களுக்கு வந்து சேரட்டும். இனி எனக்குச் சொல்ல வேண்டியதை எனக்கே போன் போட்டுச் சொல்லுங்கள். "மாமா, அது தப்பு" என்று ஆரம்பியுங்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.