ஜெலட்டினை எடை போட்ட நாள்

எனக்கு எண்ணும் வியாதி உண்டு. மாடிப்படி, மாத்திரை, எதிரே வரும் கம்பெனி பஸ், எதையும் விடமாட்டேன். இதற்கும் ஒரு மருந்து இருந்தால் சாப்பிட்டிருப்பேன் (எண்ணித்தான்). இந்த வியாதியால் ஒரு முறை என் மாப்பிள்ளையின் தொழிலையே கவிழ்க்கப் பார்த்தேன்.

மாப்பிள்ளை பிரபாகருக்கு ஒரகடத்தில் சின்ன யூனிட். ஜெலட்டினை உருக்கி அச்சில் செலுத்தி, நாய்கள் கடித்து மெல்லும் எலும்பு செய்வார். ஆர்டர் இல்லாமல் தடுமாறிக்கொண்டிருந்த நேரம். பெங்களூரிலிருந்து ஒரு அம்மையார் மூன்று மணிக்கு வந்து, மெஷினிலிருந்து எலும்பு விழுவதைக் கண்ணால் பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. அது தவறினால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

ஜெலட்டின் குருணைக்கு ஈரம் அளவோடு இருக்க வேண்டும். அதிகமானால் உருகும்போது ஆவியாகிக் கொப்புளம் போடும். ஒரேயடியாகக் காய்ந்தால் கருகும். ஆகவே ஆறு தட்டுகளில் பரப்பி, காற்றின் ஈரத்தை இழுக்கும் மெஷின் ஓடும் அறையில் மூடி வைப்பார்கள். ஐந்து கிலோ தட்டு நான்கு கிலோ எழுநூறுக்கு இறங்கினால் பதம்.

காலை ஏழு மணிக்கு அந்த அறையை என்னிடம் ஒப்படைத்தார்.

“மாமா, பத்து மணிக்கு ஒரு வாட்டி, ஒரு மணிக்கு ஒரு வாட்டி எடை பாருங்க. மத்தபடி சும்மா உக்காந்திருந்தா போதும்.”

“இது ஒரு வேலையா மாப்பிள்ளை?” என்று சிரித்தேன். (சும்மா உட்காருவது ஒன்றுதான் எனக்குத் தெரியாத வேலை.)

வெளியே ஐப்பசி மழை. எட்டு மணிக்கே கை அரித்தது. தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே தூக்கிவந்து (தராசு வராந்தாவில், சாரலுக்கு நான்கடி தள்ளி இருந்தது) எடை போட்டேன். நான்கு கிலோ தொள்ளாயிரத்து நாற்பது. எட்டரைக்கு மறுபடியும். பத்தே கிராம்தான் இறங்கியிருந்தது. இப்படிப் போனால் மூன்று மணிக்குள் எங்கே எழுநூறு? அதன்பிறகு கால் மணிக்கு ஒரு தடவை பார்த்தேன். பதினோரு மணிக்கு இறக்கம் நின்றது. பன்னிரண்டுக்கு எடை ஏறத் தொடங்கியது!

மணிமங்கலத்திலிருந்து வரும் சூப்பர்வைசர் செல்வி அந்தப் பக்கம் வந்தாள்.

“இன்னா சார், தட்ட தூக்கிகினே சுத்துறீங்க? சாமி ஊர்வலமா?”

“தராசு சரியில்லம்மா.”

“நேத்துதான் செக் பண்ணோம் சார்.”

நான் நம்பவில்லை. ஒரு மணிக்கு நானே தராசில் ஏறி நின்றேன். அறுபத்திரண்டு. காலையில் வீட்டில் அறுபத்தொன்றே முக்கால். ஆக, தராசு கால் கிலோ கூட்டிக் காட்டுகிறது! (நடுவில் உள்ளே போன ஆறு இட்லியை எண்ணியிருந்தேன், கணக்கில் சேர்க்கவில்லை.) தட்டு காட்டியது தொள்ளாயிரத்து ஐம்பது. அதில் கால் கிலோ கழித்தால், கச்சிதமாக எழுநூறு.

“வந்துடுச்சா மாமா?” பிரபாகர் ஓடிவந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

“ஒரு கிராம் கூடவும் இல்ல, குறையவும் இல்ல!”

மூன்று மணி. அம்மையார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மெஷின் வாய் புஸ்ஸென்று சீறியது. முதல் எலும்பு விழுந்தது. உடம்பெல்லாம் கொப்புளம், பொரித்த அப்பளம் மாதிரி. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது விழும்போதே உடைந்தது.

“சார், ஆவியல்லா சீறுது! சரக்கு ஈரமா கெடக்கு,” என்றான் மெஷின் ஓட்டும் இசக்கி, திருநெல்வேலிக்காரன்.

அம்மையார் ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினார். நொறுங்கியது. “நாய்க்கு எலும்பு கேட்டேன். நீங்க பொரி குடுக்கறீங்களே.”

பிரபாகர் குனிந்து தூளைப் பொறுக்கினார். என்னைப் பார்க்கவில்லை. செல்விதான் மேசைமேல் இருந்த என் நோட்டை எடுத்தாள்.

“எட்டு, எட்டர, எட்டே முக்கா, ஒம்போது... சார் கரெக்டா எழுதிக்கீறாரு. இருவது வாட்டி! அத்தினி வாட்டியும் கதவத் தொறந்து, ஆறு தட்டும் மழைக்காத்து வாங்கிகினு வந்துகீது. காயறதுக்குப் பதிலா குடிச்சிகினே இருந்துகீது சார் அது!”

இருபது பெருக்கல் ஆறு, நூற்றிருபது என்று என் மனம் தானாகப் பெருக்கியது. அம்மையார் நோட்டை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். அந்த நேரத்தில் என் இதயத் துடிப்பையும் எண்ணினேன், எண்பதுக்குமேல் தவறிவிட்டது. கடைசிப் பக்கத்தில் ‘என் எடை 62’ என்பதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சரக்குல கோளாறு இல்ல, தெரியுது. அடுத்த வாரம் வரேன். அந்தக் கதவுக்கு ஒரு பூட்டு போடுங்க.”

அவர் கார் ஏறியதும் பிரபாகர் என்னிடம் வந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “மாமா, சாப்பிட்டீங்களா?” என்றுதான் கேட்டார்.

அடுத்த வாரம் அதே நாளில் என்னைக் குன்றத்தூர் கோயிலுக்கு அனுப்பிவைத்தார்கள். படிகளை எண்ணி வரச் சொன்னது என் மகள் கவிதா. ஏறும்போது வந்த கணக்கு இறங்கும்போது ஒன்று குறைந்தது, மறுபடி ஏறினேன். மூன்றாவது தடவை பாதிப் படியில் போன் வந்தது. எலும்பு நன்றாக விழுந்ததாம். ஆர்டர் உறுதி.

இன்றுவரை எங்கள் வீட்டில் அப்பளம் நமுத்துப்போனால் யாரும் மழையைக் குறை சொல்வதில்லை. “அப்பா, டப்பாவை எத்தனை தடவை தொறந்தீங்க?” என்று கவிதா சமையலறையிலிருந்து கேட்பாள். பிரபாகர் தட்டைப் பார்த்துக்கொண்டே சிரிப்பை அடக்குவார்.

அபாண்டம். நேற்று நான்கு தடவைதான் திறந்தேன். எழுதி வைத்திருக்கிறேன்.