பசை அண்ணாச்சியும் நாவலில் சிக்கிய கடிதமும்

எண்பதுகளில் ராஜபாளையத்தில் போலீசுக்குப் பயப்படாதவர்களைப் பார்த்திருக்கிறேன். பசை அண்ணாச்சிக்குப் பயப்படாத ஒரு வாசகியைப் பார்த்ததில்லை. பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, பசை தடவி பைண்டு செய்து, சைக்கிளில் வீடு வீடாக வாடகைக்கு விடுவார். அவர் மணிச் சத்தம் கேட்டால் எங்கள் தெரு நாய்கூடக் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அதுவும் ராஜபாளையம் நாய்!

புத்தகத்தைத் திரும்ப வாங்கும்போது வாசலிலேயே பக்கம் பக்கமாகப் புரட்டுவார். "இந்த எண்ணெக்கறை யாரோடது? வடை சுட்டுக்கிட்டே வாசிச்சியோ?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரணை நடக்கும். பிறகு கதையிலிருந்து கேள்விகள். பதில் தெரியாவிட்டால் அடுத்த புத்தகம் கிடையாது.

அவரிடம் மவுசு அதிகம், அக்கா தங்கை இருவரைப் பற்றிய ஒரு பழைய நாவலுக்கு. அக்கா எல்லாவற்றையும் மனதுக்குள் பூட்டிக்கொள்பவள். தங்கை நினைத்ததை உடனே கொட்டிவிடுபவள். என் அக்கா கோமதியும் நானும் அதைப் படித்துவிட்டு, எங்களைப் பார்த்துத்தான் யாரோ எழுதிவிட்டார்கள் என்றே முடிவுகட்டினோம். மில் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்த அக்கா, காய்ச்சல் வந்தால்கூட மூன்றாம் நாள்தான் சொல்வாள். நான் தும்முவதற்கு முன்பே அறிவித்துவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை காலை அண்ணாச்சி வந்தார். "மழ வருது. பொறவு பாத்துக்கிடுதேன்" என்று, அதிசயமாக ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் நாவலை வாங்கிக்கொண்டு போனார். தப்பித்தோம் என்று நான் உள்ளே போனால், அக்கா முகம் வெளுத்து நிற்கிறாள்.

"ஏட்டி, புக்கு எங்க?"

"அண்ணாச்சி கொண்டுட்டுப் போயிட்டாருக்கா."

"அதுக்குள்ள அவரு எழுதுன லெட்டரு இருக்குட்டி!"

"எவரு?"

"எங்க ஆபீஸ்ல வேல பாக்குறவரு. கெட்டுனா அவரத்தான் கெட்டுவேன்."

பூட்டி வைத்த அக்கா ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். அண்ணாச்சியின் கடை ஸ்ரீவில்லிபுத்தூரில். எங்களுக்கு அடுத்து அந்த நாவல் போவது அங்கேயே இருந்த எங்கள் அத்தை கைக்கு. அத்தை பார்த்தால் சாயங்காலத்துக்குள் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அக்காவின் வேலை போகும், அடுத்த முகூர்த்தத்தில் யாரோ ஒருவனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான்.

வீட்டில் சாக்குச் சொல்லிக் கிளம்பவே ஒரு மணி நேரமாகிவிட்டது. பஸ் பிடித்து ஓடினேன். கடையில் அண்ணாச்சி நாவலை மடியில் வைத்திருந்தார். எதிரில், சாட்சாத் அத்தை!

"ஏட்டி, நீ எங்க இங்க?"

நினைத்ததைக் கொட்டிவிடும் நான், அந்த நாவலில் வரும் அக்காவாகிப்போனேன். அத்தை புத்தகத்துக்குக் கை நீட்டினாள்.

"செத்த இருங்க மதினி!" அண்ணாச்சி புத்தகத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "நடுவுல கிழிச்சு வச்சிருக்கா இவ. அதான் வரச் சொன்னேன். ஏட்டி, இது புக்கா, இல்ல உங்க வீட்டு அடுப்புத் துணியா?"

கால் மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். கிழிக்காத பக்கத்துக்குத் தலைகுனிந்து நின்றேன். அத்தையும் தன் பங்குக்கு நாலு வார்த்தை சேர்த்துவிட்டு, வேறொரு புத்தகத்தோடு கிளம்பினாள்.

அவள் தலை மறைந்ததும் அண்ணாச்சி, மடியில் நாவலுக்கு அடியில் மறைத்திருந்த ஒரு பழுப்புக் காகித உறையை நீட்டினார். நாலு பக்கமும் பசை தடவி ஒட்டியிருந்தது.

"ஈரம் காயல, பையப் பிடி. மேல உங்க அக்கா பேரு இருந்துச்சு, நான் பிரிச்சுப் பாக்கல. பத்திரமா உங்க அக்கா கையில குடு."

அப்போதுதான் பார்த்தேன். அத்தை வருவதற்குள் அவசர அவசரமாக ஒட்டியதில், அண்ணாச்சியின் கையெல்லாம் பசை காயாமல் அப்பியிருந்தது. அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது எனக்கு.