பெட்ஷீட்டுக்குத் துடிப்பு பார்த்த கடிகாரம்

பொய் சொல்கிற மனிதர்களை நான் மன்னித்திருக்கிறேன். "கெளம்பிட்டனுங்க, வந்துட்டே இருக்கறேன்" என்று தன் வீட்டுக் கட்டிலில் படுத்தபடி சொல்லும் எலக்ட்ரீசியனைக்கூட மன்னித்திருக்கிறேன். பொய் சொன்ன ஒரு கைக்கடிகாரத்தை மட்டும் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

என் பழைய ஸ்மார்ட்வாட்ச் ஒழுங்காகத்தான் இருந்தது. காலையில் ரேஸ்கோர்ஸைச் சுற்றி நடந்தால் தூரத்தைச் சொல்லும். மற்ற நேரத்தில் வாயை மூடிக்கொண்டு மணி காட்டும். அது உயிரை விட்ட அன்று என் மனைவி கலாமணியின் தம்பி செந்தில் வீட்டுக்கு வந்திருந்தான். இதெல்லாம் பழைய மாடல் மச்சான், புதுசு உடம்புக்குள்ளேயே போய்ப் பார்த்துவிடும் என்றான். (இவன் கூடப் போய்ப் பார்த்தவன் மாதிரி.) அவனே ஒன்றை வாங்கி வந்து மாட்டியும் விட்டான்.

அன்று பிடித்தது சனியன். அதே ரேஸ்கோர்ஸில் வேர்க்க விறுவிறுக்க நடந்தால் பாதி தூரம் காட்டியது. கணபதியில் இருக்கும் என் பட்டறைக்குக் குண்டும் குழியுமான ரோட்டில் ஸ்கூட்டரில் போனால், அருமையாக ஓடினீர்கள் என்று பாராட்டியது. நான் கண்ணை விழித்துக்கொண்டு டி.வி.யில் செய்தி பார்த்ததை ஆழ்ந்த தூக்கம் என்றது. கம்பெனிக்குப் போன் போட்டுத் திட்டினேன். எடுத்த பெண் கொஞ்சமும் கோபப்படாமல், இறுக்கிக் கட்டிப் பாருங்க சார் என்றாள். கட்டினேன். கை வீங்கியதுதான் மிச்சம்.

அப்போதே அதைக் கழற்றிச் சாக்கடையில் வீசியிருக்க வேண்டும். கட்டிக்கொண்டு வெள்ளகோவிலுக்குப் போனேன், என் தங்கை சாந்தாமணியின் மகள் கவிப்பிரியாவின் நிச்சயதார்த்தத்துக்கு. நான் ஒரே தாய்மாமன். நல்ல நேரத்துக்குள் பெண்ணுக்கு மாலை போட்டு மணையில் உட்கார வைக்க வேண்டியவன்.

மண்டபத்தில் முன்வரிசையில் பட்டு வேட்டியோடு சும்மா உட்கார்ந்திருந்தேன். கடிகாரம் அதிர்ந்தது. சிவப்பு எழுத்தில், இதயத் துடிப்பு அபாய அளவில் இருக்கிறது, உடனே மருத்துவரைப் பாருங்கள் என்றது. அதுவரை தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்த என் இதயம், அதைப் படித்த பிறகுதான் தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது.

கலாமணி எட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான். செந்தில் காரை எடுக்க ஓடினான். மாலையும் கையுமாகச் சாந்தாமணி வந்து நின்றாள்.

"அண்ணா, மாலையப் போட்டுப்போட்டுப் போ. ரெண்டே நிமிசம்."

நான் எழுந்தேன். சனியன் மறுபடியும் அதிர்ந்தது.

"உன்ற அண்ணன் மொதல்ல பொழச்சு வரட்டும் அம்மணி," என்று கலாமணி என்னைக் காருக்குள் தள்ளினாள்.

கார் காங்கேயம் ரோட்டில் ஏறியதும் கடிகாரம் துடிப்பு காட்டுவதையே நிறுத்திவிட்டது. வெறும் கோடு. கலாமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று அவளிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். பேசாதீங்க மச்சான், இருக்கற தெம்பும் போயிரும் என்றான் செந்தில்.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். டாக்டர் ஒரு சின்னப் பெண். ஒன்றுமே இல்லை, நன்றாக இருக்கிறீர்கள் என்றாள். எதை வைத்து வந்தீர்கள் என்று கேட்டு, கடிகாரத்தைக் கழற்றி, கட்டிலில் கிடந்த சென்னிமலைப் பெட்ஷீட்டைச் சுருட்டி அதன்மேல் கட்டினாள். கொஞ்ச நேரத்தில் கடிகாரத்தில் எண்கள் ஓடின.

"பாருங்க, பெட்ஷீட்டுக்குத் துடிப்பு நார்மலா இருக்குதுங்க."

போர்வைக்கே நாடி பார்க்கிற கருவியை நம்பி என் தங்கை மகளை மாலைக்குக் காத்திருக்க விட்டுவிட்டு வந்திருக்கிறேன். செந்திலை அங்கேயே திட்டினேன். நர்சு வந்து, இது ஆஸ்பத்திரிங்க என்று சொல்லும்வரை திட்டினேன்.

திரும்பி வருவதற்குள் நல்ல நேரம் போயிருந்தது. என் பெரியப்பா மகன், வரப்புத் தகராறில் என்னோடு பேச்சை நிறுத்தியவன், மாலை போட்டு முடித்து என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். போட்டோ ஆல்பம் முழுக்க அவன் பல்தான். போதாததற்கு, பெண்ணோட மாமனுக்கு இருதயத்தில் அடைப்பாம், பரம்பரை வியாதியாம் என்று மாப்பிள்ளை வீட்டார் ஒரு மூலையில் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சாந்தாமணி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

நேரே பந்திக்குப் போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அப்பா முன்னால் ஈ.சி.ஜி. தாளை விரித்தேன். அவர் ரசம் கையைத் துடைத்துக்கொண்டு அதைத் தலைகீழாகப் பிடித்து நிதானமாகப் பார்த்தார்.

"நல்லாத்தானுங்க இருக்குது. மேலயும் கீழயும் போயிட்டேதானுங்க இருக்குது," என்றார்.

கல்யாணம் நடந்தது. ஆனால் அந்த மனிதர் ஈ.சி.ஜி.யை நம்பவே இல்லை. அவர்கள் வீட்டு விசேஷம் எதற்குப் போனாலும் என்னை மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வைக்கிறார்கள். என் இலையில் மட்டும் ஊறுகாய் விழுவதில்லை. கவிப்பிரியாவின் வளைகாப்புக்குப் பந்தி மாடியில் நடந்தது. சம்பந்தி கண்ணைக் காட்ட, தாட்டியான இரண்டு பேர் வந்து என்னை நாற்காலியோடு தூக்கினார்கள். நான் நடப்பேன் என்று கத்தினேன். கத்தாதீங்க மாமா, ஆகாதுங்க என்று சொல்லிக்கொண்டே படியேறினார்கள்.

கலாமணி கீழே நின்று போட்டோ எடுத்தாள். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு இன்றைக்கும் அதுதான் முகப்புப் படம்.